ஐந்தாவது ஃபாரம்

உலக இலக்கியத்தை என்னுடைய இருபத்தோராவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு நான் முடித்துவைத்தேன். அதற்குப் பிறகும் உலகெங்கும் புத்தகங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. செய்தி இன்னும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை என்றுதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடித்துவைத்த இடம் கல்லூரி விடுதியின் மூன்றாவது மாடி, கடைசி அறை. நாவலின் பெயர் 'மேதையின் விடுமுறை'. நூற்று அறுபது பக்கம். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மேதை, தன்னைச் சுற்றியுள்ள முட்டாள்களைச் சகித்துக்கொள்வதுதான் கதை. விடுதியில் என்னையும் 'மேதை' என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் கிண்டல் இருந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். அப்போது எனக்கு அப்படிப் படவில்லை.

அந்த அறையை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிவர முடியும். எட்டு வருடம் ஆகிவிட்டது. இரண்டு இரும்புக் கட்டில், நடுவே ஒரு மேஜை, மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் யாரோ விட்டுப்போன இயற்பியல் புத்தகம். குறுக்கே கட்டிய கம்பியில் எப்போதும் காயாத இரண்டு துண்டு. மின்விசிறிக்குச் சுவரில் ஐந்து வேகம் எழுதியிருக்கும். அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டி நிரம்பி வழியும் சத்தத்தில்தான் நான் பாதி நாவலை எழுதினேன். இப்போது என் வீட்டில் தண்ணீர் வழிந்தால் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துகிறேன். அப்போது அது பின்னணி இசை.

இன்னொரு கட்டில் புள்ளியுடையது. புள்ளியியல் படித்ததால் புள்ளி. எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டான். நான் சொல்லும் ஜோக்குகளில் அவன் சிரித்தவை எத்தனை என்று முதலாம் ஆண்டிலிருந்து குறித்து வைத்திருந்தான். அந்த எண் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

விடுதியில் 'கொசுவலை' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். நான் ஆசிரியர், புள்ளி ஸ்டேப்ளர். அதில் நான் எழுதிய 'வாசகர் கடிதம் எழுதுவது எப்படி' என்ற பக்கம் மூன்று மாடியிலும் புகழ்பெற்றது. எழுத்தாளர்களுக்குக் கடிதம் போடும் வர்க்கத்தையே அதில் காய்ச்சி எடுத்திருந்தேன். 'ஐயா, தங்கள் புத்தகத்தைப் படித்தேன்' என்று ஆரம்பிக்க வேண்டும். படிக்காதவன் எவன் எழுதப்போகிறான்? இரண்டாவது வரியில் கண் கலங்க வேண்டும். மூன்றாவது வரியில் தன் வீட்டு விஷயத்தை நுழைக்க வேண்டும். கடைசியில் எழுத்தாளர் நீடூழி வாழ வேண்டும். உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர்கள் இரண்டு பேர், ஒருவர் இந்தக் கடிதத்தை எழுதுபவர், இன்னொருவர் இதை எடுத்துப் பத்திரப்படுத்துபவர் என்று முடித்திருந்தேன்.

"உனக்கு இப்படி ஒரு கடிதம் வந்தா என்ன பண்ணுவ?" என்றான் புள்ளி.

"படிக்கமாட்டேன். எழுதி முடிச்சதும் எழுத்தாளன் செத்துட்டான்டா. செத்தவனுக்குத் தபால் எதுக்கு?"

"அப்ப இன்னைக்கு மெஸ்ஸுக்கு வரலையா?"

"அது வேற."

புத்தகத்தை அச்சுப்போட்டவர் ஒரு மேடம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் அவருடைய அச்சகம். சிபாரிசு என் அக்கா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அக்கா, மேடத்துக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்த ஒரே வெளியாள். அந்த உரிமையில் காரியம் நடந்தது.

புத்தகக் கட்டு விடுதிக்கு வந்த அன்று நான் அட்டையைப் பார்த்தேன். பின்னட்டையில் என் புகைப்படத்தைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். முதல் பக்கத்தில் என் பெயரை முகர்ந்து பார்த்தேன். உள்ளே படிக்கவில்லை. எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

"ஒரு தடவ புரட்டிப் பாருடா," என்றான் புள்ளி.

"சமைச்சவன் சாப்பிடக் கூடாது."

"நம்ம மெஸ் சமையல்காரர் மாதிரியே பேசற."

அப்புறம் இரண்டு வாரம் உலகம் அமைதி காத்தது. உலகம் மூச்சடைத்துப்போயிருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். புத்தகம் விற்கும் ஓர் இணையதளத்தில் வாசகர்கள் கருத்து எழுதலாம், நட்சத்திரம் போடலாம். அதை நான் பார்க்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். அதனால் ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டர் அறைக்குத் தற்செயலாகப் போகவேண்டி வந்தது. காலையில் ஒரு தற்செயல், மதியம் இரண்டு, அறையைப் பூட்டுவதற்கு முன் ஒன்று. அம்மா மட்டும் தொலைபேசியில் விமர்சனம் சொன்னாள்: "அட்டை வழவழன்னு இருக்குப்பா. தூசி ஒட்டல."

பதினைந்தாம் நாள் முதல் கருத்து விழுந்தது. எழுதியவர் பெயர் மழைக்காதலன்77.

'முதல் அறுபது பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். கதை லிஃப்டுக்குள் போனதும் அழுதுவிட்டேன். வெளியே வந்ததும் மறுபடி பல்.'

என் நாவலில் லிஃப்ட் கிடையாது. விடுதிக்கே கிடையாது. ஆனால் மேதை மாடிப்படி ஏறும் காட்சி ஒன்று உண்டு. ஏற்றம், இறக்கம், வாழ்க்கை. வாசகர் ஆழமானவர், லிஃப்ட் என்று குறியீடாகச் சொல்கிறார் என்று முடிவுகட்டினேன்.

அடுத்தது, 'இரண்டு பிள்ளைகளின் அம்மா' என்ற பெயரில்: 'காய்கறிப் பை வரும் இடம் ஒன்றே போதும். மற்றதை என் தம்பிக்குக் கொடுத்தேன். அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான்.'

விடுதிக் காப்பாளரின் முகத்தை ஓர் இடத்தில் புடலங்காயோடு ஒப்பிட்டிருந்தேன். அதைத்தான் சொல்கிறார். இதைவிடத் தெளிவாக ஒரு வாசகர் எப்படிச் சொல்ல முடியும்?

இப்படி ஒன்றொன்றாக வந்தன. பாராட்டு எல்லாம் லிஃப்டுக்கும் காய்கறிக்கும். திட்டு எல்லாம் மீதிக்கு. எனக்கு அது சிக்கலாகவே தெரியவில்லை. பாராட்டு வந்தால் அது என் நாவலைப் பற்றியது, திட்டு வந்தால் அது திட்டியவரைப் பற்றியது. இந்த ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் மிக நிம்மதியாக வாழ்ந்தேன். அந்த மூன்று வாரம் போல இன்னொரு மூன்று வாரம் எனக்கு வாய்க்கவில்லை. நடந்துபோனால் செருப்பு தரையில் படவில்லை.

அக்கா ஒருநாள் கூப்பிட்டாள். பின்னால் ரத்தம் சுழற்றும் இயந்திரத்தின் இரைச்சல்.

"டேய், லிஃப்ட் பத்தி உனக்கு எப்படிடா இவ்வளவு தெரியும்? நம்ம வீட்டுல மாடியே இல்லயே."

"படைப்பாளி எல்லா இடத்துக்கும் போயிட்டு வருவான்க்கா."

"நீ கடைக்குக்கூடப் போகமாட்டியேடா."

"உனக்குப் புரியாது. வை."

கல்லூரி இலக்கிய மன்றத்தில் என்னை மேடையேற்றினார்கள். கேள்வி நேரத்தில் வேதியியல் மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "அந்த லிஃப்டை எங்கிருந்து எடுத்தீங்க?" என்று கேட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பார்வையில் கோளாறு இல்லாதவன் கண்ணாடி போடுவதற்கு அதுதான் காரணம்.

"லிஃப்ட் என்பது ஒரு இயந்திரம் அல்ல. அது ஒரு மனநிலை," என்றேன்.

கைதட்டினார்கள். கடைசி வரிசையில் புள்ளி மட்டும் கைதட்டாமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே அந்தக் கடிதம் வந்தது. தமிழ்நாட்டாரோ அயல்நாட்டாரோ, தமிழ் படிக்கத் தெரிந்தவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பத்திரிகை. அதன் ஆசிரியர் தன் கைப்படவே எழுதியிருந்தார். லிஃப்ட் பகுதியைப் படித்தாராம். ஆண்டு மலருக்கு அதே கையிலிருந்து ஒரு சிறுகதை வேண்டுமாம். ஒரு மாதத்துக்குள் அனுப்ப முடியுமா என்று, 'முடியுமா' என்று, கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை விடுதியில் படிக்காதவர் இரண்டு பேர்தான். ஒருவருக்கு அம்மை. இன்னொருவர் ஊருக்குப் போயிருந்தார்.

எழுத உட்கார்ந்தேன். நான்கு நாளில் ஒன்பது ஆரம்பம் எழுதினேன். ஒன்பதிலும் ஒரு மேதை மாடிப்படி ஏறினான். ஏறி என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை புள்ளி ஒரு வரைபடத் தாளைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தான். கீழே பக்க எண்கள், ஒன்றிலிருந்து நூற்று அறுபது வரை. பாராட்டுக்குப் பச்சைப் புள்ளி, திட்டுக்குச் சிவப்பு.

"பதினோரு பேர் எழுதியிருக்காங்க. யாரு எந்த இடத்தச் சொல்றாங்கன்னு பக்கம் பக்கமாப் போட்டேன். பாரு."

பார்த்தேன். இடமும் வலமும் அம்மை போட்ட மாதிரி சிவப்பு. நடுவில் ஒரு சின்னப் பச்சைத் தோட்டம்.

"அறுபத்தஞ்சுலேர்ந்து எண்பது," என்றான் புள்ளி. "ஒண்ணுகூட வெளிய விழல. இயற்கையில இப்படி நடக்காதுடா."

"உச்சம்னு ஒண்ணு இருக்கும்ல? நாவலோட உச்சம்."

"சரி, உச்சத்துல என்ன வருது?"

"மேதை விடுதி நாள் விழாவுல சொற்பொழிவு ஆத்தறான்."

"லிஃப்டுலயா?"

அவன் என் தலையணைக்கு அடியில் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டான். "தொறடா. அறுபத்தஞ்சு."

அறுபத்து நான்காம் பக்கத்தின் கடைசி வரி என்னுடையது: 'மேதை மேடையில் ஏறினான், கூட்டத்தை ஏளனமாகப் பார்த்து,'. அறுபத்தைந்தாம் பக்கத்தின் முதல் வரி: 'பயப்படாதீங்கம்மா, நான் மேலதான் உக்காந்திருக்கேன் என்றேன்.'

எழுத்துரு அதேதான். தாள் அதேதான். ஆள்தான் வேறு.

அதை எழுதியவர் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மா தனியாக. மேலே இருக்கும் மோட்டார் அறையின் சாவியோடு கூட்டாளி வரவேண்டும், அவர் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அதுவரை அந்த அம்மாவைப் பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் பயம் வந்துவிடும். அவர் அஞ்சாவது மாடித் தரையில் குப்புறப் படுத்து, கதவிடுக்கு வழியாக, பையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். காய் என்கிறாள். என்னென்ன காய்? அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறாள். தக்காளி. பீன்ஸ். வெண்டைக்காய்.

'நான் உயிரோட வெளிய வருவேனாப்பா?'

'வெண்டைக்கா முத்தறதுக்குள்ள வந்துடுவீங்கம்மா.'

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். புள்ளி நிமிர்ந்து பார்த்தான்.

அப்புறம் அந்த அம்மாவின் கை பீட்ரூட்டுக்கு வருகிறது. பேச்சு நின்றுவிடுகிறது. அவர் இரண்டு முறை கூப்பிடுகிறார். மூன்றாவது முறை அவள் சொல்கிறாள்: 'எங்க வீட்டுல இதச் சாப்பிடறவர் போயி ஒரு மாசம் ஆச்சு. கை தானா எடுத்துப் போட்டுடுச்சுப்பா.' அவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார். அரைப் பக்கம் அந்தக் கதவின் உலோகம் எப்படிச் சில்லென்று இருந்தது என்று மட்டும் எழுதுகிறார். பிறகு, 'எங்க வீட்டுல நாங்க மூணு பேரும் சாப்பிடுவோம்மா' என்கிறார். கதவிடுக்கில் கீழேயிருந்து ஒரு கை மேலே வருகிறது, பீட்ரூட்டோடு.

எண்பதாம் பக்கம் முடிந்தது. எண்பத்தொன்றாம் பக்கத்தில் என் மேதை சொற்பொழிவின் வால்பகுதியில் இருந்தான். 'இந்த முட்டாள்களுக்கு' என்று ஆரம்பித்தான். என் நாவலை நான் முதல்முறையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். ஒன்றரைப் பக்கம் படித்தேன். அதற்குமேல் முடியவில்லை.

பதினோரு கருத்துகளில் எனக்குப் புரியாமல் நான் ஒதுக்கிவைத்திருந்தது ஒன்று உண்டு. ஜன்னலோரம் என்பவர் எழுதியது. 'இவர் ஒவ்வொரு நகைச்சுவை வரிக்கும் பிறகு, நாம் சிரித்தோமா என்று நம் முகத்தைப் பார்க்கிறார். நடுவில் ஒரு பதினாறு பக்கம் மட்டும் பார்க்க மறந்துவிட்டார். அங்கேதான் நான் சிரித்தேன்.'

"புள்ளி, நான் அப்படியா?" என்றேன்.

அவன் வரைபடத்தை மெதுவாகச் சுருட்டினான். "இப்பக்கூட என் மூஞ்சியத்தான பாக்கற," என்றான்.

அன்றைக்கே இருவரும் அச்சகத்துக்குப் போனோம். மேடம் அறுபத்தைந்தாம் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "அண்ணே!" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

பைண்டர் அண்ணன் கையில் பசையோடு வந்தார். ஒரே ஒரு பார்வைதான். உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சாவது ஃபாரம் மேடம்."

பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்புக்கு ஃபாரம் என்று பெயர். ஒரு புத்தகத்தின் பத்து ஃபாரத்தையும் பத்துக் குவியலாக மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுத்து அடுக்கித் தைப்பார்கள். அந்த வாரம் இரண்டு புத்தகம் ஒரே நேரத்தில் தைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே தாள், இரண்டிலும் ஐந்தாவது குவியல் அறுபத்தைந்தில் ஆரம்பித்து எண்பதில் முடியும். மதியச் சாப்பாட்டுக்கு மேஜையைக் காலி செய்து, திரும்ப அடுக்கும்போது குவியல் மாறி உட்கார்ந்துவிட்டது.

"நான் நம்பரத்தான் மேடம் பாப்பேன். படிச்சுக்கிட்டே தைக்க முடியுமா?" என்றார் பைண்டர் அண்ணன். நியாயம்தான். எழுதியவனே படிக்கவில்லை.

"அப்ப இவனோட பதினாறு பக்கம் எங்க?" என்றான் புள்ளி.

மேடம் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். 'நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவே.' ஒரு லிஃப்ட் மெக்கானிக் தன் வேலையைப் பற்றி எழுதியது. நடுவில் திறந்தேன். ஒரு மேதை கூட்டத்தை ஏளனமாகப் பார்த்துச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தான்.

"அவர் பாக்கலையா?"

"நீ பாத்தியா?" என்றார் மேடம். "முதல் புத்தகம் போடறவங்க ரெண்டு வகைதான் தம்பி. ஒருத்தர் தலகாணிக்கு அடியில வெப்பாங்க, ஒருத்தர் பீரோல வெப்பாங்க. உக்காந்து படிச்சவங்கள நான் பாத்ததில்ல. அவர் பீரோ."

"அவருக்கும் யாராவது எழுதியிருக்காங்களா?" என்றான் புள்ளி.

மேடம் சற்று நேரம் மேஜைமேல் இருந்த பசைக் கறையைச் சுரண்டினார். "எழுதியிருக்காங்க. நல்ல மனுஷர், நடுவுல ஆணவம் தலைக்கேறிடுச்சுன்னு. அடுத்தவங்களக் கேவலமாப் பேசறாருன்னு. நாலு பேர் எழுதியிருக்காங்க. போன வாரம் இங்க வந்து, ரெண்டாவது புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்த நோட்டத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டார்."

"ஏன்?"

"'எனக்கே தெரியாம எனக்குள்ள அப்படி ஒரு ஆள் இருக்கான் போலம்மா. இவ்வளவு பேர் சொன்னா இருக்கும்ல? இனிமே எழுதல'ன்னார்."

அச்சு இயந்திரம் நின்றிருந்தது. வெளியே சைக்கிள் கடையில் யாரோ டயரைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராத பாராட்டை நான் மூன்று வாரம் சட்டைபோல மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். தனக்கு வராத திட்டை அவர் அதைவிடச் சுலபமாக மாட்டிக்கொண்டார்.

"இங்க பாரு தம்பி," என்றார் மேடம். குரல் தணிந்திருந்தது. "எல்லாப் பிரதியும் போயாச்சு. யாரும் கண்டுபிடிக்கல. உனக்குப் பத்திரிகையிலேர்ந்து கடிதம் வந்திருக்குன்னு உங்க அக்கா சொன்னா. நீ சும்மா இருந்தா உனக்கும் நல்லது, எனக்கும் மானம் போகாது. அவர் ஃபோன் நம்பர் இருக்கு. சொல்லணும்னா நீயே சொல்லு. நான் உன்னத் தடுக்கல, சொல்லவும் சொல்லல."

"ஃபோன் வேணாம் மேடம். முகவரி கொடுங்க," என்றேன்.

விடுதி வாசலுக்குத் திரும்பியதும் புள்ளி, "ஆண்டு மலர் என்ன ஆகும்?" என்றான்.

"'அதே கை'தான கேட்டாங்க."

அவன் மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தான். அதனால் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பிற்பகல் புள்ளி வகுப்புக்குப் போன பிறகு மேஜையில் உட்கார்ந்தேன். முதலில் எழுதியது மிகவும் நன்றாக வந்தது. 'தங்கள் லிஃப்டில் நான் மூன்று வாரம் பயணச்சீட்டு இல்லாமல் பயணித்தேன்' என்று ஆரம்பித்தேன். எழுதிவிட்டு அவர் அதைப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். அவர் படிக்கும்போது நான் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. கிழித்துப்போட்டேன். இரண்டாவதில் பைண்டர் அண்ணனை வைத்து ஒரு ஜோக் இருந்தது. அதுவும் போயிற்று. மூன்றாவதில் ஜோக் இல்லை, ஆனால் நான் எவ்வளவு பெரிய மனது படைத்தவன் என்பது இரண்டு இடத்தில் எட்டிப்பார்த்தது.

தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. எழுந்துபோய்க் கீழே காவலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அது நின்ற பிறகு நான்காவது தாளை எடுத்தேன்.

'ஐயா, வணக்கம். தங்கள் புத்தகத்தைப் படித்தேன். முழுவதும் அல்ல, பதினாறு பக்கம். அச்சகத்தில் நேர்ந்த தவறால் அவை என் புத்தகத்தில் சேர்ந்துவிட்டன. அவற்றின் இடத்தில் உங்கள் புத்தகத்தில் இருப்பவை நான் எழுதியவை. ஆணவம் என்று வாசகர்கள் சொன்னது அந்தப் பக்கங்களை. அவர்கள் சொன்னது சரி. ஆனால் அந்த ஆள் உங்களுக்குள் இல்லை. விடுதியில் மூன்றாவது மாடியில் இருக்கிறான்.

அந்த அம்மா பீட்ரூட்டை எடுத்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. எங்கள் வீட்டில் அப்பா இறந்த வருடம் முழுக்க அம்மா இரண்டு டம்ளர் காபி போட்டாள். ஒன்று ஆறிக்கொண்டே இருக்கும். அதை நான் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எழுதலாம் என்று உங்கள் பக்கங்களைப் படித்த பிறகு தெரிந்தது.'

அதற்குமேல் எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. பதினோரு வாசகர்களில் லிஃப்டைப் பற்றி எழுதிய அத்தனை பேருடைய வரிகளையும், அவர்கள் போட்டிருந்த பெயரோடு, ஒன்றுவிடாமல் என் கையால் பார்த்தெழுதினேன். ஜன்னலோரத்தின் வரிகளில் என்னைப் பற்றிய பாதியை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் எழுதினேன். அது இல்லாமல் மீதிப் பாதி நிற்காது.

என் புத்தகத்தைத் திறந்து, பிளேடால் தையல் நூலை மட்டும் அறுத்து, ஐந்தாவது ஃபாரத்தைக் கிழியாமல் வெளியே எடுத்தேன். நன்றாக இருந்தது, சுருக்கம்கூட இல்லை. பத்திரிகை ஆசிரியரின் கடிதத்தை அதற்குள் வைத்தேன். 'இது தவறான முகவரிக்கு வந்துவிட்டது. உங்களுக்குத்தான்' என்று அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டு. அந்த ஆசிரியருக்கும் இரண்டு வரியில் விஷயத்தைத் தனியாக எழுதி வைத்தேன்.

உறையை ஒட்டப்போகும்போது மறுபடி பிரித்தேன். கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் மீதி இருந்தது. அறையில் யாரும் இல்லை என்று கதவைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

'அந்த நோட்டைத் தயவுசெய்து மறுபடி மேடத்திடம் கொடுங்கள். நீங்கள் நீடூழி வாழ வேண்டும். இப்படிக்கு, ஒரு வாசகன்' என்று எழுதி, ஒட்டினேன்.